ஆக்டேன் ஏற்றுவது: டர்போ, ஹை-கம்ப்ரஷன் இன்ஜின் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டர்போ போட்ட வண்டி, கம்ப்ரஷன் ஏற்றிய இன்ஜின், டிராக்கில் ஓட்டும் கார் என்று வைத்திருப்பவர்கள் பெட்ரோலைப் பற்றிக் கேட்பவை பெரும்பாலும் இந்தக் கேள்விகள்தான். ஆக்டேன் வேண்டுமா என்று முதலில் இன்ஜினிடம் கேட்க வேண்டும், ஆக்டேன் ஏற்றும் பாட்டிலைத் திறப்பது அதற்கப்புறம். இந்த வரிசை மாறியதால் வீணான பிஸ்டன்கள் நிறைய.

ஆக்டேன் எண் எதைச் சொல்கிறது?

காற்றோடு கலந்த பெட்ரோலை அழுத்திச் சூடேற்றும்போது, அது தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதை. வேறெதையும் சொல்லாது. பெட்ரோலில் சக்தி எவ்வளவு, சுத்தம் எவ்வளவு என்பதெல்லாம் வேறு கணக்கு.

அளவுகோல் 1920களில் வந்தது. எளிதில் தட்டாத, அதாவது தானாகப் பற்றிக்கொள்ளாத, ஐசோ-ஆக்டேனுக்கு 100, தொட்டாலே தட்டும் நார்மல் ஹெப்டேனுக்கு 0. உங்கள் பெட்ரோல் 95 என்றால், 95 பங்கு ஐசோ-ஆக்டேனும் 5 பங்கு ஹெப்டேனும் சேர்ந்த கலவை சோதனை இன்ஜினில் எப்படித் தட்டுமோ அப்படியே இதுவும் தட்டும் என்று பொருள். பெட்ரோலுக்குள் அவ்வளவு ஐசோ-ஆக்டேன் இருக்கிறது என்று பொருளில்லை.

அப்படியென்றால் 100-க்கு மேல் எப்படிப் போகும்?

ஐசோ-ஆக்டேனைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கும் பொருட்கள் உண்டு. எத்தனால், மெத்தனால், டொலுவீன் எல்லாம் அந்த வகை. 100 என்பது உச்சம் இல்லை, ஒரு அடையாளக் கல், அவ்வளவுதான்.

ஒரு நாட்டில் 91 என்கிறார்கள், இன்னொரு நாட்டில் அதே பெட்ரோலை 95 என்கிறார்களே?

அளக்கும் முறை இரண்டு இருக்கிறது. ஆர்.ஓ.என். (ரிசர்ச் ஆக்டேன் எண்) சோதனையில் ஒற்றை சிலிண்டர் இன்ஜின் 600 ஆர்.பி.எம்.மில், ஓரளவு குளிர்ந்த காற்றில் ஓடும். எம்.ஓ.என். (மோட்டார் ஆக்டேன் எண்) சோதனையில் 900 ஆர்.பி.எம்., கலவையையும் 149 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குவார்கள். அதனால் எம்.ஓ.என். எண் எப்போதும் குறைவாக வரும், வழக்கமாக 8 முதல் 10 வரை. அமெரிக்காவில் இரண்டின் சராசரியை பம்பில் எழுதுகிறார்கள், அதன் பெயர் ஏ.கே.ஐ. மற்ற பல நாடுகளில் ஆர்.ஓ.என். மட்டும். ஆகவே அமெரிக்க 87 ஏறத்தாழ 91 ஆர்.ஓ.என்.; அமெரிக்க 93 ஏறத்தாழ 98.

டியூனிங் பற்றி எதைப் படித்தாலும் இந்த வித்தியாசத்தைக் கவனியுங்கள். "93-க்குப் போட்ட மேப்" (இன்ஜின் கணினியில் ஏற்றும் அமைப்பு) என்று யாரோ எழுதியதைப் பார்த்து 93 ஆர்.ஓ.என். பெட்ரோலை ஊற்றினால் இன்ஜின் வீணாகிவிடும்.

நாக்கிங் நடக்கும்போது உள்ளே என்ன ஆகிறது?

ஸ்பார்க் விழுந்ததும் தீ பிளக்கிலிருந்து கிளம்பி, சீராகச் சிலிண்டர் சுவரை நோக்கிப் பரவுகிறது. அப்படிப் பரவும்போது இன்னும் எரியாமல் மூலையில் கிடக்கும் கலவையை அது நெருக்குகிறது. நெருக்க நெருக்க அந்தக் கலவை சூடாகிறது. தீ வந்து சேரும்வரை அது பொறுத்திருந்தால் பிரச்சினை இல்லை. பொறுக்க முடியாமல் மொத்தமாக ஒரே நொடியில் வெடித்தால், அதுதான் நாக்கிங். அழுத்த அலை சிலிண்டருக்குள் இப்படியும் அப்படியும் மோதும். 86 மில்லிமீட்டர் போர் உள்ள இன்ஜினில் அந்த ஓசை 6 முதல் 7 கிலோஹெர்ட்ஸில் இருக்கும். டப்பாவில் கோலிக்குண்டு குலுங்குவதுபோல் கேட்பது இதுதான்.

சத்தம் பிரச்சினை இல்லை, சூடுதான் பிரச்சினை. பிஸ்டன் தலையின் மேல் எப்போதும் அசையாத ஒரு மெல்லிய வாயுப் படலம் ஒட்டியிருக்கும். எரியும் தீக்கும் அலுமினியத்துக்கும் நடுவே இருக்கும் ஒரே பாதுகாப்பு அது. நாக்கிங் அலை அந்தப் படலத்தைத் துடைத்து எடுத்துவிடுகிறது. அப்புறம் தீ நேராக உலோகத்தைத் தொடுகிறது. பிஸ்டனின் ஓரம் மணல் அடித்ததுபோல் அரிக்கும், ரிங்குகளைத் தாங்கும் விளிம்பான ரிங் லேண்ட் உடையும், ஹெட் கேஸ்கெட் போகும். டர்போ அழுத்தம் அதிகமாக இருந்தால் இதற்கு மணிக்கணக்கு வேண்டாம், சில நொடிகள் போதும்.

ஆக்டேன் கூட்டினால் பவர் கூடுமா?

தானாகக் கூடாது. ஒரு லிட்டர் 98-ல் ஒரு லிட்டர் 91-ஐவிட அதிக சக்தி இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எத்தனால் கலந்திருந்தால் குறைவாகக்கூட இருக்கும். ஆக்டேன் தருவது இடம். அந்த இடத்தில் டைமிங்கை (ஸ்பார்க் விழும் நேரத்தை) முன்னே தள்ளலாம், பூஸ்ட் (இன்ஜினுக்குள் தள்ளும் காற்றழுத்தம்) ஏற்றலாம், கம்ப்ரஷன் (சிலிண்டரில் கலவையை நெருக்கும் விகிதம்) கூட்டலாம். இவற்றில் ஒன்றைச் செய்தால்தான் பவர் வரும்.

இதற்கு எனக்குத் தெரிந்த தெளிவான சான்று 1940-ல் இருக்கிறது. ஸ்பிட்ஃபயர் விமானத்தின் மெர்லின் இன்ஜின் 87 ஆக்டேன் பெட்ரோலில் சதுர அங்குலத்துக்கு 6¼ பவுண்டு பூஸ்ட்டோடு ஓடியது. 100 ஆக்டேன் வந்ததும் அதே இன்ஜினில் 12 பவுண்டு வரை ஏற்ற அனுமதித்தார்கள். 1,030 குதிரைத்திறன் அளவில் இருந்தது 1,310 அளவுக்குப் போனது. 100 ஆக்டேனை ஊற்றிவிட்டு பூஸ்ட்டை 6¼-லேயே விட்டிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது.

இன்றைய கார்களில் ஒரு நடுத்தரமான நிலை உண்டு. நாக் சென்சார் உள்ள இன்ஜினில், பெட்ரோல் போதவில்லை என்றால் ஈசியூ (இன்ஜினை இயக்கும் கணினி) டைமிங்கைப் பின்னுக்கு இழுத்து இன்ஜினைக் காப்பாற்றும். அப்படி இழுத்துவைத்திருக்கும் வண்டிக்கு நல்ல பெட்ரோல் போட்டால், இழந்த பவர் திரும்பி வரும். ஓட்டுபவருக்கு அது "பவர் கூடியது" என்று தோன்றும். கம்பெனி மேப் 95-க்கு எழுதப்பட்டு, வண்டியும் 95-ல் தட்டாமல் ஓடினால், 100 ஊற்றுவது வீண் செலவு.

என் இன்ஜினுக்கு ஆக்டேன் போதவில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இரண்டு வழி, இரண்டையும் செய்யுங்கள்.

ஒன்று, லாக் எடுப்பது. ஓபிடி (வண்டிக் கணினியிலிருந்து தகவல் எடுக்கும் முனை) வழியாக ஒவ்வொரு சிலிண்டரின் டைமிங் கரெக்ஷனையும் (ஈசியூ டைமிங்கைப் பின்னுக்கு இழுத்த அளவு), உள்ளே போகும் காற்றின் சூட்டையும், பூஸ்ட்டையும் பதிவு செய்யுங்கள். மூடிய டிராக்கிலோ, இன்ஜின் திறனை அளக்கும் டைனோவிலோ, மூன்றாவது கியரில் 2,500 ஆர்.பி.எம்.மிலிருந்து முழு ஆக்ஸிலரேட்டர். சூடான இன்ஜினில் மூன்று முறை. எல்லாச் சிலிண்டரிலும் கரெக்ஷன் பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் இப்போதைய பெட்ரோலே போதும். 3, 4 டிகிரி என்று தொடர்ந்து பின்வாங்கினால் இன்ஜின் கேட்கிறது. ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் பின்வாங்கினால் பெட்ரோலைக் குறை சொல்லாதீர்கள். அந்தச் சிலிண்டரின் இன்ஜெக்டர் அடைத்திருக்கலாம், பிளக் தளர்ந்திருக்கலாம்.

இரண்டு, பிளக்கைப் பார்ப்பது. நல்ல பாரத்தில் ஓட்டி, உடனே அணைத்து, ஆறியதும் கழற்றி, பீங்கானைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். இதை அவசரமில்லாமல் வெளிச்சத்தில் செய்ய வேண்டும். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியதுபோல் கருப்புப் புள்ளிகள் தெரிந்தால் லேசான நாக்கிங். பிளக்கைத் திருப்பும்போது ஊசிமுனை அளவில் வெள்ளியாக மின்னும் உருண்டைகள் தெரிந்தால், அது உங்கள் பிஸ்டன். உருகிய அலுமினியம் வந்து பீங்கானில் ஒட்டியிருக்கிறது. அதற்குமேல் ஒரு முறைகூட முழு ஆக்ஸிலரேட்டர் கொடுக்காதீர்கள்.

கடையில் கிடைக்கும் ஆக்டேன் பூஸ்டர் பாட்டில் வேலை செய்யுமா?

சில வேலை செய்யும், ஆனால் லேபிளைப் படித்தவுடன் தோன்றும் அளவுக்கு இல்லை. காரணம் ஒரு சொல்: "பாயிண்ட்". இந்தத் தொழிலில் பெரும்பாலும் ஒரு பாயிண்ட் என்பது பத்தில் ஒரு பங்கு ஆக்டேன். "30 பாயிண்ட் ஏறும்" என்றால் 95 என்பது 98 ஆகும், 125 ஆகாது. அதுவும் அவர்கள் சொல்லும் டேங்க் அளவுக்கு, குறைந்த ஆக்டேன் பெட்ரோலில். ஏற்கெனவே 98-ல் இருப்பதில் ஊற்றினால் ஏற்றம் இன்னும் சுருங்கும். இரண்டு பாட்டில் ஊற்றினால் இரண்டு மடங்கு ஏறும் என்பதும் இல்லை.

உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். பலவற்றில் எம்.எம்.டி. என்ற மாங்கனீஸ் சேர்மம் இருக்கும். துளி அளவிலேயே ஆக்டேனை ஏற்றும் என்பதால் சிறிய பாட்டிலில் அடைக்க வசதி. ஆனால் எரிந்த மாங்கனீஸ் எங்கும் போவதில்லை. பிளக் முனை செங்கல் நிறத்துக்கு மாறும், ஆக்ஸிஜன் சென்சாரிலும், புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிஸ்டிலும் படியும். ஃபெர்ரோசீன் என்ற இரும்புச் சேர்மம் கலந்தவை இரும்புப் படிவை விடும். அந்தப் படிவு சூட்டில் மின்சாரத்தைக் கடத்த ஆரம்பித்து மிஸ்ஃபயர் வரும். சில பாட்டில்களில் மோனோ மீத்தைல் அனிலின் இருக்கும். ஆக்டேன் நன்றாகவே ஏறும், ஆனால் அது தோல் வழியாகவே உடம்பில் ஏறும் நஞ்சு. வேறு சிலவற்றில் மண்ணெண்ணெய் போன்ற கரைப்பான்தான் பெரும்பகுதி.

என் முடிவு இது: எப்போதாவது ஒரு டிராக் நாளுக்கு, பொருட்பட்டியலை வெளிப்படையாகப் போட்டிருக்கும் பாட்டிலை ஊற்றலாம். ஒவ்வொரு டேங்குக்கும் பாட்டில் வேண்டும் என்ற நிலையில் வண்டி இருந்தால், மாற்ற வேண்டியது மேப்பை.

டொலுவீனை நானே கலக்கலாமா?

கலக்கலாம், கணக்கும் எளிது. டொலுவீன் ஏறத்தாழ 120 ஆர்.ஓ.என். 95 பெட்ரோல் 40 லிட்டரில் டொலுவீன் 10 லிட்டர் சேர்த்தால்: 40 × 95 = 3,800, 10 × 120 = 1,200, மொத்தம் 5,000; 50 லிட்டரால் வகுத்தால் 100. நிஜத்தில் ஒன்றிரண்டு எண் இப்படி அப்படி இருக்கும். ஐந்து எண் ஏற்ற 10 லிட்டர் தேவைப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். இதை வைத்தே அரை லிட்டருக்கும் குறைந்த பாட்டிலின் வாக்குறுதிகளை எடைபோடலாம்.

1988-ல் ஃபார்முலா ஒன்னில் ஹோண்டாவின் டர்போ இன்ஜின் 84 சதவீதம் டொலுவீன், 16 சதவீதம் நார்மல் ஹெப்டேன் கலவையில் ஓடியது. 102 ஆர்.ஓ.என். தாண்டக் கூடாது என்பது விதி. அந்த எல்லையைத் தொடுவதற்காகவே, ஆக்டேன் பூஜ்யமான ஹெப்டேனைச் சேர்த்து நிரப்பினார்கள். அந்த ஆண்டு அந்த இன்ஜின் போட்ட மெக்லாரன் 16 பந்தயங்களில் 15-ஐ வென்றது. ஆனால் டொலுவீன் 110 டிகிரியில்தான் கொதிக்கும், எளிதில் ஆவியாகாது. அதனால் எரிபொருளை முன்கூட்டியே சூடாக்கி அனுப்பினார்கள். உங்கள் வண்டியில் அந்த வசதி கிடையாது. 20 சதவீதத்தைத் தாண்டினால் குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், கரியும் கூடும்.

பெயின்ட் தின்னர் டொலுவீன் ஆகாது. அதில் அசிட்டோன், மெத்தனால் என்று பலதும் இருக்கும். டொலுவீன் ஆவி தலைசுற்ற வைக்கும், நரம்பைப் பாதிக்கும். திறந்த வெளி, ரசாயனம் தாங்கும் கையுறை, நிலையான மின்சாரத்தைத் தரைக்குக் கடத்தும் உலோகக் கலன், பக்கத்தில் தீயணைப்பான். இவை இல்லாமல் தொடாதீர்கள்.

எத்தனால்தான் சிறந்தது என்கிறார்களே?

செலவையும் பலனையும் சேர்த்துப் பார்த்தால் நானும் அதையே சொல்வேன். எத்தனாலின் ஆர்.ஓ.என். 108-க்கு அருகில். அதைவிட முக்கியம் அதன் குளிர்ச்சி. ஆவியாகும்போது பெட்ரோலைவிட மிக அதிக சூட்டை இழுத்துக்கொள்ளும். ஒரே அளவு காற்றுக்குத் தேவைப்படும் எரிபொருளைக் கணக்கிட்டால் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. டைரக்ட் இன்ஜெக்ஷனில் இந்தக் குளிர்ச்சி சிலிண்டருக்குள்ளேயே நடக்கிறது. அதனால் எண் சொல்வதைவிட இன்ஜின் அதிகம் தாங்கும். ஆக்டேன் லாபத்தின் பெரும்பகுதி முதல் 30 சதவீத எத்தனாலிலேயே வந்துவிடும் என்பதால், முழு இ85-க்கு (பெயரளவில் 85 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) போகாமல் இ30-ல் நிறுத்திக்கொள்பவர்கள் பலர். அதுவும் நல்ல முடிவே.

விலை என்ன? பெட்ரோல் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 போதும். அதாவது அதே காற்றுக்கு அதிக எரிபொருள். இ85 போட்டால் இன்ஜெக்டரும் பம்ப்பும் 30 முதல் 40 சதவீதம் அதிகம் பாய்ச்ச வேண்டும். மேப்பை மாற்றாமல், இன்ஜெக்டர் போதாமல் ஊற்றினால் கலவை மெலிந்து, ஆக்டேன் ஏற்றியும் பிஸ்டன் உருகும். பழைய வண்டிகளின் ரப்பர் குழாய், பூச்சில்லாத அலுமினியம் ஆகியவற்றையும் எத்தனால் அரிக்கும்.

இன்னொன்று, பம்பில் "85" என்று எழுதியிருப்பதை நம்பி டியூன் செய்யாதீர்கள். இ85 என்ற பெயரில் 51 சதவீதம் எத்தனால்கூட இருக்கலாம். எத்தனால் அளவைக் கண்டுசொல்லும் ஃப்ளெக்ஸ் சென்சார் இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் அளந்து பாருங்கள். மூடியுள்ள 100 மில்லி அளவுக் குழாயில் 10 மில்லி தண்ணீர் ஊற்றி, 100 கோடு வரை பெட்ரோல் நிரப்பி, மூடிக் குலுக்கி, நிமிர்த்தி வையுங்கள். எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு போய்ச் சேரும். சில நிமிடத்தில் அடியில் ஒரு தெளிவான கோடு விழும். அந்தக் கோடு 10-லிருந்து 37-க்கு ஏறியிருந்தால், 90 மில்லியில் 27 மில்லி எத்தனால், ஏறத்தாழ இ30. திறந்த வெளியில், தீப்பொறி இல்லாத இடத்தில் செய்யுங்கள்.

தண்ணீர்-மெத்தனால் ஸ்ப்ரே?

நல்ல வழி, பழைய வழியும்கூட. 1962-ல் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் காரில் டர்போவும் 10.25 கம்ப்ரஷனும் ஒன்றாக இருந்தன. அதைத் தாங்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைப் பீய்ச்சினார்கள். தண்ணீரின் குளிர்ச்சியும் மெத்தனாலின் ஆக்டேனும் சேரும்போது சாதாரணப் பெட்ரோலே பந்தயப் பெட்ரோல்போல் நடந்துகொள்ளும். ஜெட்ஃபயர் வாங்கியவர்கள் பலர் அந்தத் தொட்டியை நிரப்பவே மறந்தார்கள். திரவம் தீர்ந்தால் பூஸ்ட்டைக் குறைக்கும் ஏற்பாடு அதில் இருந்தது. நீங்கள் போடும் கிட்டிலும் அது கட்டாயம் இருக்க வேண்டும். முனை அடைத்தாலோ பம்ப் நின்றாலோ ஈசியூ உடனே பூஸ்ட்டை வெட்ட வேண்டும். அந்தப் பாதுகாப்பு இல்லாத கிட் வேண்டாம்.

ரசக்கற்பூர உருண்டை, அசிட்டோன், மண்ணெண்ணெய், விமானப் பெட்ரோல்?

ரசக்கற்பூர உருண்டை (நாப்தலீன்) கரையும், ஆனால் குளிரில் திரும்பப் படிந்து ஃபில்டரையும் இன்ஜெக்டரையும் அடைக்கும். இப்போது பல உருண்டைகளில் இருப்பது நாப்தலீன்கூட இல்லை, குளோரின் உள்ள வேறு பொருள். அசிட்டோன் சீல்களைத் தின்னும். மண்ணெண்ணெய் ஆக்டேனைக் குறைக்கும். எதையும் ஊற்ற வேண்டாம்.

விமானப் பெட்ரோலான 100 எல்எல்-லில் ஈயம் இருக்கிறது. டெட்ரா எத்தில் லெட் நாக்கிங்கைத் தடுக்கும் என்று 1921-ல் கண்டுபிடித்தார் தாமஸ் மிட்ஜ்லி. சாலைப் பெட்ரோலிலிருந்து அதை உலகம் முழுக்க ஒழிக்க 2021 வரை ஆனது. கேட்டலிஸ்ட்டும் ஆக்ஸிஜன் சென்சாரும் உள்ள வண்டியில் அதை ஊற்றினால் இரண்டும் போகும். குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் உலோகம் அது, ஊர்த் தெருவில் மறுபடி அதைப் புகைவிட எந்த நியாயமும் இல்லை.

பெட்ரோலைத் தொடாமல் இன்ஜினின் தேவையைக் குறைக்க முடியுமா?

முடியும், முதலில் செய்ய வேண்டியதும் அதுதான். பிஸ்டன் தலையில் கரி படிந்தால் கம்ப்ரஷன் ஏறும், கரியே சூட்டைப் பிடித்துவைக்கும். சுத்தம் செய்தாலே வித்தியாசம் தெரியும். பூஸ்ட் ஏற்றிய இன்ஜினில் ஒரு படி குளிர்ந்த பிளக் (சூட்டை வேகமாக வெளியே கடத்துவது) போடுங்கள். இன்டர்கூலர் நன்றாக இருக்கிறதா, காற்று வழியில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜின் அடியிலிருக்கும் ஆவியைத் திரும்ப உள்ளே அனுப்பும் பிசிவி வழியாக வரும் ஆயில் ஆவி பெட்ரோலோடு கலந்தால் ஆக்டேன் இறங்கும். அந்த ஆயிலைப் பிடித்துவைக்கும் கேட்ச் கேன் அதற்குத்தான்.

குறைந்த ஆர்.பி.எம்.மில் "டங்" என்று ஒரே ஒரு அடி விழுகிறது. அதற்கும் ஆக்டேன்தானா?

சின்ன டர்போ டைரக்ட் இன்ஜெக்ஷன் இன்ஜினில் 1,500–2,500 ஆர்.பி.எம்.மில் முழு பாரம் கொடுக்கும்போது வருவது எல்.எஸ்.பி.ஐ., அதாவது குறைந்த வேகத்தில் முன்கூட்டியே பற்றிக்கொள்வது. ஸ்பார்க்குக்கு முன்பே ஆயில் துளியோ படிவோ தீ மூட்டிவிடுகிறது. ஆக்டேன் இதைச் சரிசெய்யாது. 2020-ல் வந்த ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) எஸ்பி தர ஆயிலுக்கு இதற்கென்றே சோதனை உண்டு, அதற்கு மாறுங்கள். உயர்ந்த கியரில் இன்ஜினைத் திணறவிடாமல் ஒரு கியர் இறக்கி ஓட்டுங்கள்.

கலந்த பெட்ரோலை எவ்வளவு நாள் வைக்கலாம்?

காற்றுப் புகாத உலோகக் கலனில், நிழலில், சில மாதம். எத்தனால் கலந்தது என்றால் ஈரம் ஆபத்து. தண்ணீரை இழுத்து ஓர் அளவைத் தாண்டியதும் எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து அடியில் தங்கும், மேலே மிஞ்சுவது ஆக்டேன் குறைந்த பெட்ரோல். சந்தேகம் வந்தால் கண்ணாடிக் குழாயில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். கலங்கலாகவோ இரண்டு அடுக்காகவோ இருந்தால் டேங்கில் ஊற்றாதீர்கள்.

100-க்கு டியூன் செய்த வண்டி. வழியில் 91 மட்டும்தான் கிடைக்கிறது. என்ன செய்வது?

இப்படி ஒரு நாள் வரும் என்று டியூன் செய்யும்போதே நினைத்து, 91-க்கு இரண்டாவது மேப் ஒன்றைச் சேர்த்து வாங்கியிருக்க வேண்டும். அது இருந்தால் மாற்றிக்கொண்டு கிளம்பலாம். இல்லையென்றால், ஊர் போய்ச் சேரத் தேவையான அளவு மட்டும் நிரப்புங்கள். பூஸ்ட் கேஜ் பூஜ்யத்தைத் தாண்டாதபடி மெதுவாக மிதியுங்கள். மேடு வந்தால் முன்கூட்டியே கியரை இறக்குங்கள், ஏசியை அணையுங்கள். போய்ச் சேர்ந்ததும் மிச்சத்தை நல்ல பெட்ரோலோடு கலந்து, கணக்குப் போட்டு, லாக் பார்த்து கரெக்ஷன் பூஜ்யத்துக்கு வந்த பிறகுதான் மறுபடி முழு ஆக்ஸிலரேட்டர்.